குளிச்சிட்டு வாரேன்

எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு குழாயடி இருக்கிறது. குழாய்க்குக் கீழே ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கும் அளவுக்குச் சிமெண்டுத் தரை. அம்மை போட்டு ஆறிய முகம்போல அந்தத் தரை குழி குழியாக இருக்கும். சில இடங்களில் சிமெண்டு கரைந்துபோய் உள்ளே இருக்கும் ஜல்லி வெளியே தெரியும். சமையலறை ஒழுகலைச் சரிசெய்ய வந்த கொத்தனார் போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தரை இம்புட்டு அரிச்சுப்போய்க் கெடக்கு? ஒடச்சிட்டு டைல்ஸ் போட்டு விட்டுருவமா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. அது என் அப்பா குளித்த இடம்.

எங்கள் பக்கம் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர் போடும் அண்டாவுக்குள் சுண்ணாம்பு அடித்ததுபோல ஓடு கட்டிக்கொள்ளும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் லாட்ஜுகளுக்கு இது தீராத தலைவலி. கெய்சருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் உப்பு அடைத்துச் சுடுதண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் உடம்பெல்லாம் சோப்பைப் பூசிக்கொண்டு கதவிடுக்கில் நின்று கத்துவார்கள். அந்த உப்பை ஆசிட் விட்டுக் கரைத்து எடுப்பதுதான் அப்பாவின் தொழில். லாட்ஜ், சலவை நிலையம், ஐஸ் கம்பெனி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். சொந்தக்காரர்கள் வாய்க்கு வசதியாக அவரை 'ஆசிட்டுக்காரர்' என்றார்கள். கேட்பவர்கள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார்களே என்று அம்மாவுக்கு அந்தப் பெயர் ஆகவே ஆகாது. கெய்சர் மெக்கானிக் என்று சொன்னால் உங்கள் வாய் என்ன சுளுக்கிக்கொள்ளுமா என்று கல்யாண வீடுகளில்கூடச் சண்டைக்குப் போயிருக்கிறாள்.

சாயங்காலம் அவருடைய மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்கும். சின்னப் பிள்ளையில் நான் வாசலுக்கு ஓடுவேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் விரித்து எனக்கு எதிரே நீட்டி, பின்னால் நகர்ந்து நிற்பார். "கிட்ட வராத தாயி. குளிச்சிட்டு வாரேன்." வீட்டுக்குள் நுழையாமல் பக்கத்துச் சந்து வழியாகவே பின்பக்கம் போவார். சட்டையும் பேண்டும் அவருக்கென்றே வைத்திருந்த வாளிக்குள் போகும். அம்மாவைக்கூடத் துவைக்க விடமாட்டார். காயப்போடவும் தனிக் கொடி. பூட்ஸைக் கழுவி, கையுறையைக் கழுவி, தலையோடு குளித்து, மறுபடி ஒரு தடவை குளித்து, அவர் உள்ளே வருவதற்குள் நான் பாதி நாள் தூங்கிப் போயிருப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் என் சிநேகிதி. அவள் அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். அவர் மல்லிகை வாசத்தோடு வந்து சேரும்போதே அவள் தோளில் ஏறிக்கொள்வாள். எனக்கு வயிறு எரியும். என் அப்பாவுக்கு என்ன வாசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சோப்பு வாசம்தான்.

வீட்டில் காலித் தண்ணீர் பாட்டில் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. கத்தியை எடுத்துக் குறுக்கே அறுத்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். எவனாவது அதை எடுத்துப்போய் ஆசிட்டை ஊற்றி வைப்பான், தாகத்தில் இன்னொருவன் எடுத்து அண்ணாந்துவிடுவான் என்பது அவர் பயம். அவர் தொழில் பார்த்த இடங்களில் அப்படிச் சோடா பாட்டிலில் ஊற்றி ஜன்னல் ஓரத்தில் வைக்கும் பழக்கம் சர்வசாதாரணம். கல்யாணப் பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆட்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் பாட்டில்களை நசுக்கிக்கொண்டிருப்பார். நான் அவரைத் தெரியாதவள்போல ஐஸ்கிரீம் வரிசையில் நின்றுகொள்வேன்.

ஒரு பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவுடன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்த லாட்ஜுக்குப் போனேன். மாடி வராந்தாவின் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. அதைத் தாண்டி யாரும் வரக்கூடாது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அந்தக் கோடியில் அப்பா முழுக்கைச் சட்டை, ரப்பர் ஏப்ரன், முழங்கால்வரை பூட்ஸ், கண்ணை மூடிய கண்ணாடி என்று ஆள் அடையாளமே தெரியாமல் நின்றார். நீளக் கையுறையின் வாயை வெளிப்பக்கம் மடித்து விட்டிருந்தார்; கையைத் தூக்கும்போது வழிகிற சொட்டு அந்த மடிப்பில் தங்கும், முழங்கைக்கு இறங்காது. வாளியில் முதலில் தண்ணீர். பிறகு கேனைச் சாய்த்து ஆசிட்டை நூல் மாதிரி விட்டார். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற நிதானம். லாட்ஜில் தரை துடைக்கிறவர் நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்று கிண்டல் செய்தார். "என்னண்ணே, பொண்ணுக்கு நலங்கு வைக்கிற மாதிரி ஊத்துறீக? ஆசிட்ட மொத்தமாக் கொட்டிட்டு மேல தண்ணிய ஊத்துனா சோலி முடிஞ்சிச்சுல்ல?" அப்பா தலையைத் திருப்பவில்லை. "ஆசிட்டு மேல தண்ணி விட்டா அது கொதிச்சு எந்திரிச்சு மூஞ்சிக்கு வரும் மாப்ள. தண்ணியிலதான் ஆசிட்ட விடணும். நமக்கு இருக்கது ஒரு மூஞ்சி." பிறகு சின்ன மோட்டார் ஓடியது, குழாய்க்குள் 'உஸ்'ஸென்று நுரை பொங்கியது, நுரை அடங்கியதும் சலவைச் சோடா கரைத்த தண்ணீரை விட்டு அலசினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கவலையாகப் பார்த்தாள். எனக்கு அந்த வாளியின் மேல் பொறாமையாக இருந்தது. அத்தனை பதமாக அவர் என்னைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

கேனும் மோட்டாரும் குழாய்களும் ஒருநாளும் வீட்டுக்கு வராது. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் அவர் வாடகைக்கு எடுத்திருந்த அறையில்தான் கிடக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் அந்தச் சட்டம் தளரும். சோறு போடுகிற சாமான் வீட்டுச் சாமிக்கு முன்னால் சந்தனம் குங்குமம் வாங்க வேண்டாமா என்று அம்மா பிடிவாதம் பிடிப்பாள். நான் லாட்ஜுக்குப் போய்வந்த அந்த வருடமும் பூஜைக்கு முதல் நாள் மோட்டாரையும் குழாயையும் மொபெட்டில் கட்டி எடுத்து வந்தார். ஆசிட் கேனைக் கொண்டு வரவில்லை. ஆனால் மோட்டாரின் குழாய்க்குள் கொஞ்சம் ஆசிட் மிச்சம் தங்கியிருந்தது. அம்மாவோ பூஜைக்காக வீடு முழுக்கக் கழுவிவிட்டு, குழாயடிப் பாசி போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவி ஊறவிட்டிருந்தாள். ஒரே சாமிக்காக இரண்டு பேரும் இரண்டு பக்கம் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு மோட்டாரைக் குழாயடியில் வைத்து, கழுவுவதற்காக அதன் குழாயைக் கவிழ்த்தார். அவருக்குத் துண்டு கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று நான் பின்னால் போய் நின்றிருந்தேன்.

மஞ்சளும் பச்சையுமாக ஏதோ புகை தரையிலிருந்து கிளம்பியது. மூக்குக்குள் மிளகாயைத் திணித்த மாதிரி இருந்தது. கண் திறக்க முடியவில்லை. "வாசலுக்கு ஓடுங்க! மூச்ச இழுக்காதீக!" என்று அப்பா கத்தினார். நான் அசையாமல் நின்றேன் போலிருக்கிறது. அவர் முழங்கையால் என் முதுகில் ஓங்கி இடித்தார். இடித்துக்கொண்டே சந்து முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் நான் குப்புற விழுந்து மோவாய் கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்து வீறிட்டு அழுதேன். அப்பா இருமி இருமிக் கண்ணீர் வழிய என் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் மேலே தூக்கியபடி இருந்தன. குனியவில்லை. தூக்கவில்லை. "யாராச்சும் புள்ளயத் தூக்குங்க" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். பூ மார்க்கெட்காரர் ஓடிவந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் மேல் மல்லிகை வாசம் அடித்தது. என் அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது என்று அந்தத் தோளில் கிடந்துதான் முடிவு செய்தேன்.

தூக்கிய கைகளின் உறையில் ஆசிட் இருந்தது என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது. அந்த வயதில் யார் சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் பேசிக்கொண்டது மட்டும் காதில் விழுந்தது. "நாந்தான பவுடரப் போட்டேன்" என்று அம்மா அழுதாள். "உனக்குத் தெரியாது. ரெண்டும் சேந்தா என்னாகும்னு எனக்குத் தெரியும்ல. தெரிஞ்சவன் வீட்டுக்குள்ள எடுத்துட்டு வரலாமா?" என்றார் அப்பா. பிறகு, "புள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?" என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சாமான்கள் வீட்டுப் பூஜைக்கு வரவில்லை. மெல்ல மெல்ல அப்பாவும் வருவதைக் குறைத்துக்கொண்டார். ஆரப்பாளையத்து அறையிலேயே குளியல், அங்கேயே படுக்கை, ஓட்டல் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் அப்பா உண்டு. அங்கே குளித்துவிட்டு வந்தவர் இங்கேயும் சந்து வழியாகப் போய் ஒருமுறை குளிப்பார். கூடத்தில் என்னிடமிருந்து தள்ளி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பாடம் எப்படிப் போகிறது என்று கேட்பார். நன்றாகப் போகிறது என்பேன். மொபெட் சத்தம் கேட்டால் ஓடுவதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை நிறுத்திவிட்டு வழக்கம்போலக் கைகளை விரித்தார். எதிரே யாரும் இல்லை. நான் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அம்மா தவறிப்போன பிறகு அப்பாவுக்கு இருமல் கூடியது. தொழிலை விட்டார், அறையைக் காலி செய்தார், வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம். ஒரு மருத்துவமனையில் பில் போடும் வேலை எனக்கு. ஆக வீட்டில் நாங்கள் இரண்டே பேர், அதிகம் பேசிப் பழகாத இரண்டு பேர். ரேஷன் கடையில் அவருடைய விரல் ரேகை மெஷினில் விழாது. எத்தனை விரலை மாற்றி மாற்றி வைத்தாலும் ஏற்றுக்கொள்ளாது. ஆசிட் தின்றுவிட்டது என்று கடைக்காரர் நினைத்தார். கையுறை இல்லாமல் அப்பா ஆசிட்டைத் தொட்டதே இல்லை. கழுவிக் கழுவித் தேய்ந்த கை அது. கடைசியில் நான் போய் விரல் வைத்துச் சர்க்கரை வாங்கி வருவேன்.

காபி டம்ளரைக் கையில் நீட்டினால் வாங்கமாட்டார். "அங்கிட்டு வையி, எடுத்துக்கிறேன்" என்பார். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்தார். பிறகு, "போயி கையக் கழுவிரு தாயி" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்ப என்னப்பா ஒட்டிக்கிரும் உங்ககிட்ட இருந்து? எல்லாத்தையும் தலமுழுகி எம்புட்டுக் காலமாச்சு?" என்று கேட்டேன். அவர் சிரிக்க முயன்றார். "பழக்கம்" என்றார். நான் கை கழுவவில்லை. ஆனால் மறுபடி தொடவும் தோன்றவில்லை. தொட்டிருக்கலாம்.

அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசி நாட்களில் ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் விட்டார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்தபோது எங்கள் தெருவில் இருந்த நெரிசலில் வாசலில் வைத்துக் குளிப்பாட்ட இடமில்லை. டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்திருந்த சித்தப்பா, பின்பக்கம் இடம் இருக்கிறதே என்றார். அவரைச் சந்து வழியாகவே தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் தினமும் போன வழி. நான் பின்னாலேயே போனேன். சித்தப்பா திரும்பி, இரண்டு கைகளையும் என் எதிரே விரித்தார். "கொஞ்சம் தள்ளி நில்லு தாயி. குளிப்பாட்டணும்."

அடுப்படிக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். குழாயைத் திறக்கும் சத்தம், குடம் நிறையும் சத்தம், அந்தக் குழித் தரையில் தண்ணீர் விழுந்து ஓடும் சத்தம். சோப்பு வாசம் வந்தது. சின்னப் பிள்ளையில் தூக்கத்தை அடக்கிக்கொண்டு இதே இடத்தில் நின்று இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். முடிந்துவிட்டதா, வந்துவிடுவாரா என்று. தண்ணீர்ச் சத்தம் நின்றது. வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசினார்கள். பிறகு சித்தப்பா வாசற்படியில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். "குளிப்பாட்டியாச்சு. இப்ப கிட்ட வா தாயி."

போனேன். யாரும் கையை விரித்துத் தடுக்கவில்லை. ஈரமாக இருந்த அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். ரேகையில்லாத, வழவழப்பான கை. நேரமாகிறது என்று பெரியவர்கள் சொல்லும்வரை அதை விடவில்லை. சொன்ன பிறகும் உடனே விடவில்லை.

கொத்தனாரிடம் குழாயடியை அப்படியே விட்டுவிடச் சொல்லிவிட்டேன். "வழுக்காம இருக்குங்கிறீகளாக்கா?" என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். ஆமாம் என்றேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் நானும் இப்போது சந்து வழியாகத்தான் பின்பக்கம் போகிறேன். குழாயைத் திறந்து முகம், கை, கால் கழுவுகிறேன். அடுப்படி இருட்டாகக் கிடக்கும். சில நாள் என்னையறியாமல் அந்த இருட்டைப் பார்த்து, "குளிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே காத்திருக்க யாரும் இல்லை.