ஈ ஓட்டுகிற மருமகள்

ஈக்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கையின் வாயால்தான். அவளுடைய மூத்த மகன் ஒரு பெண்ணைக் கட்டப்போவதாகச் சொன்னானாம். பெண் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. எதைப் பற்றி என்று கேட்டால், ஈயாம். அன்று மாலையே எனக்குப் போன் செய்து, "எல்லார் வீட்டு மருமகளும் வேலைக்குப் போறாங்க. நம்ம வீட்டுக்கு வரப்போறவ ஈ ஓட்டப் போறாளாம் அக்கா," என்று அலுத்துக்கொண்டாள். அன்று அவள் வைத்த ஈக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணே போனில், "ஈக்காரி பேசுறேன் பெரியத்தை," என்பாள்.

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, கடுகளவு ஈ, அதுதான் அவள் பிழைப்பு. ஒருமுறை என்னை அவள் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். கதவைத் திறந்ததும் புளித்த வாடை. வாயில் பஞ்சடைத்த கண்ணாடிக் குழாய்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் சோள மாவும் வெல்லப்பாகும் கிண்டி ஊற்றிய கூழ். ஈக்களை வாயுவால் மயக்கிக் கொட்டி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தூரிகையால் ஆண் வேறு பெண் வேறாக ஒதுக்கினாள்.

இரண்டு வகை வைத்திருந்தாள். ஒன்று மலையில் பிடித்தது, மற்றது அடிவாரத்தில் பிடித்தது. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"ஒரு காலத்துல ஒரே குடும்பம் பெரியத்தை. இது மேல போயிடுச்சு, அது கீழயே நின்னுடுச்சு. நடுவுல கொள்வினை கொடுப்பினை விட்டுப்போச்சு. இப்ப ஜோடி சேர்த்தா, பிறக்கிற மகளுங்களுக்குப் பிள்ளை உண்டு, மகனுங்களுக்கு இல்ல. இன்னும் விலகினா ரெண்டும் வேற வேற இனம்தான்."

மரபணுவில் எந்த இடத்தில் அந்த விரிசல் விழுந்தது என்று தேடுவதுதான் வேலையாம். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. எங்கள் அப்பாவின் அக்கா வகையறாவோடும் கொள்வினை கொடுப்பினை இப்படித்தான் நின்றது. இன்றைக்கு அவர்கள் பிள்ளைகள் எதிரே வந்தால் யாரோ எவரோ.

மலை ஈ பிடித்த காடு பிறகு தீக்கிரையானது. மிச்சம் அவள் குழாய்களில் இருந்ததுதான். அந்தக் கோடை விடுமுறையில் குழாய்களை வைத்திருந்த குளிர் அலமாரி பழுதாகிவிட்டது. வந்து திறந்தால் உள்ளே அடுப்பாகக் கொதித்திருக்கிறது. அடிவார ஈ தாக்குப்பிடித்தது. மலை ஈயில் பாதிக்கு மேல் போய்விட்டது. பிழைத்தவை முட்டை வைத்தன, ஒன்றும் பொரியவில்லை. சூட்டில் ஆண் ஈக்களுக்கு வித்து அவிந்துபோகும் என்றாள். பேராசிரியர், வேறு ஈயை வைத்துப் புதிதாகத் தொடங்கு என்றார். குளிர்ச்சியில் வைத்தால் ஒன்றிரண்டுக்காவது திரும்பலாம், அவை சாகும்வரை பார்க்கிறேன் என்று இவள் கெஞ்சி அனுமதி வாங்கினாள். அவை வாரிசில்லாமல் செத்தால் அத்தனை வருஷ உழைப்பும் அதோடு போச்சு.

கூழ் மாற்றி மாற்றிக் காத்திருந்தாள். வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. கேலி செய்த தங்கைதான் தினமும் வாசலிலேயே விசாரிப்பாள்: "என்ன, உன் ஆம்பளைங்க இன்னும் சோம்பித்தான் கிடக்கிறாங்களா?"

ஒரு முற்பகல் தங்கைக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"அத்தை, புழு வச்சிருச்சு."

தங்கைக்குப் பதறிவிட்டது. "எதுல? கோதுமை மாவுலயா? நேத்துதானே சலிச்சு வச்சேன்," என்று டப்பாவைத் திறந்து கையை விட்டிருக்கிறாள்.

"மாவுல இல்ல அத்தை. என் குழாயில. மலைப் புழு." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லையாம்.

அடுத்த நிமிஷம் தங்கை எனக்குப் போன் போட்டாள். "அக்கா, நம்ம ஈ பிழைச்சிடுச்சு," என்றாள். நம்ம ஈ என்று அவள் சொன்னது அன்றுதான்.

அந்த ஒரு குழாயிலிருந்து வம்சம் பெருகியது. மரபணுவில் தேடிய இடத்தையும் ஒருவழியாகக் கண்டுபிடித்தாள்.

ஈக்காரி இப்போது அதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள். மூன்றாம் மாடியில் அவளுக்கென்று ஓர் ஆய்வகம் இருக்கிறது. மலை ஈக்களை இரண்டு அலமாரிகளில் பிரித்து வைத்திருக்கிறாள்.