ஒன்பது நாள் குளிக்காத அண்ணன்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். புறக்கோட்டையில் துணிக்கட்டுச் சுமந்து, பிறகு அதே தெருவில் சொந்தமாகக் கடை போட்டு, வெள்ளவத்தையில் கடல் தெரிகிற மாதிரி வீடும் வாங்கியவன். இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. கேட்கிறவர்களுக்கு அலுத்தால் அது அவர்கள் பாடு.

என் அண்ணன் படித்த மனுசன். சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு என்றதும், அரசாங்க உத்தியோகத்தையே உதறிவிட்டு யாழ்ப்பாணம் போனவர். அன்றிலிருந்து ஒரு சிங்களச் சொல்கூடக் காதில் ஏறாமல் பார்த்துக்கொண்டார். நானோ புறக்கோட்டை நடைபாதையிலேயே அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டேன்.

எண்பத்து மூன்று வயதில் கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்து, ஒப்பரேசன் முடிந்து, தையலும் வெட்டி, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். குளிக்கலாம் என்று டொக்டர் சொல்லியும் ஆறு நாளாக மேலில் தண்ணீர் படவில்லை. படுத்தே கிடந்ததில் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்குச் சிவந்துவிட்டது. "இந்தத் தோல் வெடிச்சால் திரும்ப வார்டுதான். இந்த வயசில பிறகு வீட்டுக்கு வருவார் எண்டு நான் சொல்லமாட்டன்" என்றார் டொக்டர்.

கிருலப்பனையிலிருந்து ஓர் ஆளைப் பிடித்தேன். ஐம்பது வயதுச் சிங்களவர். கிழவர்களைக் குளிப்பாட்டுவதே தொழில். காலை எட்டு மணிக்கு வாளியும் துவாயுமாகக் கட்டிலருகே வந்து, வலு பணிவாக, "நாமு, மாத்தயா" என்பார். அண்ணன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "போடா வெளியில!" என்று கத்துவார். மூன்று நாளும் இதே கூத்து. ஆக, குளிக்காமல் ஒன்பது நாள்.

நாலாம் நாள் நான் கட்டில் விளிம்பில் இருந்து கேட்டேன்.

"அண்ணை, அந்தாள் உங்களுக்கு என்ன செய்தது?"

"மானங்கெட்டவன். ஒவ்வொரு நாளும் வந்து நாமும், நாமும் எண்டு நிக்கிறான்."

"அதுக்கு?"

"அதுக்கோ? என்னோட சேர்ந்து தானும் குளிக்கப் போறானாம்! இது விளங்காமல் நீயெல்லாம் என்னத்தைக் கடை நடத்தினனி?"

சிரித்த சிரிப்பில் என் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. திரும்ப மாட்டிக்கொண்டு சொன்னேன்:

"அண்ணை, 'நாமு, மாத்தயா' எண்டால் சிங்களத்தில 'குளிப்பம், ஐயா' எண்டு அர்த்தம்."

படித்த அண்ணனின் முகத்தில் அசடு வழிந்தது. அந்த முகத்தைப் பார்க்க நான் அறுபது வருசம் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அதைத் தமிழில சொன்னால் வாய் வெந்துபோமோ?" என்றார். "எண்டாலும் என்ர கோவணத்துக்குள்ள பிறத்தியான் கை வைக்கேலாது. நீ வா."

இதென்ன பெரிய வித்தை என்று நான் சாரத்தை மடித்துக் கட்டினேன். பிளாஸ்டிக் கதிரையில் அவரை இருத்தி, ஒரு கோப்பை தண்ணீர் அள்ளித் தோளில் ஊற்றினேன்.

"ஐயோ, அவிச்சுப்போட்டான்! வெள்ளாவியில போட்ட சேலையோ நான்?"

கதவடியில் நின்ற ஆள் உள்ளே வந்து, என் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். வாளிக்குள் முழங்கையைத் தோய்த்துப் பார்த்துப் பச்சைத்தண்ணீர் கலந்தார். அண்ணனின் மடியில் ஒரு சாரத்தை விரித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, துணிக்கடியில் கைத்தடவலிலேயே கழுவினார். துடைக்கும்போதும் தேய்க்கவில்லை, துவாயால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

"டேய், இவன் பாக்காமலே கழுவுறான்" என்றார் அண்ணன், மெதுவாக.

"ஓம். நீங்கள்தான் மூண்டு நாளாக் கத்தினீங்கள்."

பிறகு இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தினோம். ஆள் குனிந்து அந்தச் சிவப்பை விரலால் அழுத்தினார். வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. தோல் இன்னும் போகவில்லை, தினமும் கழுவிக் காற்றுப்பட விட்டால் ஆறிவிடும் என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார்.

"என்னவாம்?" அண்ணனின் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

"இப்ப வார்டு தேவையில்லையாம். ஆனால் ஒவ்வொரு நாளும் குளிக்கோணுமாம்."

பிடி தளர்ந்தது.

"அப்ப நாளைக்கும் அவரை வரச் சொல்லு" என்றார். "நீ வராதை."