உளுந்து அடிக்கப் போன கார்

செல்லதுரைக்கு இந்த உலகத்தில் இரண்டே பயங்கள். ஒன்று மனைவி தங்கம்மாள். மற்றொன்று மிராசுதார் அமிர்தலிங்கத்தின் கார். மிராசுதாரிடம் அவனுக்கு அவ்வளவு பயமில்லை. பயந்தவன்போல் நின்றாலே அவர் திருப்தியடைந்துவிடுவார்.

முத்துப்பேட்டைச் சாலையோரத்தில், வயல் முடிந்து தென்னை தொடங்குகிற இடத்தில் இருந்தது அவர்கள் ஊர். செல்லதுரையின் அப்பா பண்ணையாள். மகன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்டு, மிராசுதாரின் காரை வாய்க்கால் தண்ணீரில் கழுவும் வேலைக்குப் போனான். கழுவக் கழுவக் காதல் வளர்ந்தது. கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கவும் திரும்ப உள்ளே விடவும் தானாகவே கற்றுக்கொண்டான்.

அப்போதுதான் ஆட்சி மாறியது. கறுப்பு சிவப்புக் கொடி கடைத்தெருவில் ஏறியது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், தானும் காலத்தோடு போகிறவன்தான் என்று காட்ட மிராசுதாருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டான். செல்லதுரை டிரைவர் ஆனான். அவர்கள் தெருவில் ஸ்டியரிங் பிடித்த முதல் மனிதன் அவன். தங்கம்மாள் ஆனந்தக் கண்ணீர் வடித்தாள். மறுநாளே அவன் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போதவில்லை என்று அவளிடம் குறை சொன்னான். அந்தச் சட்டை இரண்டு நாள் துவைக்கப்படாமல் கிடந்தது.

கார் கிழடுதான். மேட்டில் ஏறும்போது இருமும். ஆனாலும் அதன் ஹாரன் சத்தத்தில் அவன் நெஞ்சு நிமிரும்.

இந்த இன்பத்தில் இடி விழுந்தது ஒரு பங்குனியில். உளுந்து பிடுங்கிக் குவித்தாயிற்று. விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்தியது. பெண்கள்தான் முன்வரிசை. தங்கம்மாள் முன்வரிசைக்கும் முன்னால். களத்தில் தடி பிடித்து அடிக்க ஆளில்லாமல், காய்ந்த நெற்று தானாக வெடித்துச் சிதறிக்கொண்டிருந்தது.

உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் கொடுத்துவிடும். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மிராசுதாரின் மைத்துனர்கள் முனகிக்கொண்டே பரப்பினார்கள். ஆனால் வண்டிக்காரர்கள் சங்கத்துக்குப் பயந்து வேறு வழியாகச் சுற்றிப் போனார்கள்.

மிராசுதார் யோசித்தார். “நம்ம காரு சும்மாதானே கெடக்கு. அது சங்கத்துல சேரலையே?”

செய்தி தங்கம்மாளுக்கு எட்டியது. காலையில் வாசற்படியை மறித்து நின்றாள்.

“அந்தக் காரு உளுந்து மேல ஏறுச்சுன்னா, நீ இந்த வீட்டுப் படி ஏறாத.”

“வேலை போயிடும் தங்கம்.”

“போனா நடவுக்கு வா. நாத்து முடி தூக்கிப் போட ஆளு வேணும். வெள்ளைச் சட்டையோடயே வா, கொக்குங்க கூட நிக்கலாம்.”

செல்லதுரை தலைகுனிந்து போனான். போய் ஓட்டவும் செய்தான். முன்னே போவான், பின்னே வருவான். செடி சக்கரத்தடியில் நொறுங்கும். பின்சீட்டில் மிராசுதார், மேற்பார்வை. வரப்பின் மேல் வரிசையாகப் பெண்கள். எல்லோரும் காரையே பார்த்தார்கள். தங்கம்மாள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

“என்னடா அது, செவப்பா?” என்றார் மிராசுதார்.

“லைட்டுங்க ஐயா.”

“அது தெரியுது. எவன் வச்சான்?”

“காரோடவே வந்ததுங்க.”

“இத்தனை வருசமா அது எரிஞ்சு நான் பாக்கலையே. சங்கம் வந்த பொறவுல்ல எரியுது. நீ ஏதாச்சும் பண்ணியா?”

“செவப்பு எரிஞ்சா ஓட்டக் கூடாதுங்க” என்று செல்லதுரை உடனே நிறுத்திவிட்டான். அந்த விளக்கு எதற்கென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தெய்வமே கண் திறந்ததுபோல் இருந்தது. பெட்ரோல் பார்த்தான், இருந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான், ஆயிலும் இருந்தது. இருப்பதைப் பார்க்கப் பார்க்க வருத்தமாக இருந்தது. வேளாங்கண்ணி மாதாவே, அய்யனாரப்பா, வியாதி பெரிசாக இருக்கட்டும், இன்ஜினே போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். தான் ஓட்டும் கார் சாகட்டும் என்று நேர்ந்துகொண்ட டிரைவர் அன்றைக்கு அவன் ஒருவன்தான்.

முத்துப்பேட்டையிலிருந்து மெக்கானிக் அல்லா பிச்சை வந்து சேர்ந்தார். பானெட்டைத் தொடவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “ஸ்டார்ட் பண்ணு. நல்லா ரேஸ் குடு” என்றார்.

கார் உறுமியது. விளக்கு அப்படியே எரிந்தது.

“வழக்கமா சாவி போட்டா எரியும், ரேஸ் குடுத்தா அணஞ்சிடும். கவனிச்சிருக்கியா?”

“நான் ரோட்டைத்தான் பாய் பாப்பேன்.”

“அணையலைன்னா பேட்டரிக்குச் சார்ஜ் ஏறலை. டைனமோ சுத்தலை. அதைச் சுத்துறது பெல்ட்டு. தொற பாக்கலாம்.”

பானெட்டைத் திறந்தார்கள். உள்ளே உளுந்து வயலே இருந்தது. அடியில் புகுந்த கொடியும் நாரும் பெல்ட் ஓடும் கீழ்ச்சக்கரத்தில் திரிதிரியாகச் சுற்றி, பெல்ட்டைப் பள்ளத்தைவிட்டு வெளியே தள்ளியிருந்தன.

“பெல்ட்டு வழுக்கிருச்சு, அவ்வளவுதான். தண்ணி பம்பையும் இதேதான் சுத்துது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா இன்ஜின் வெந்திருக்கும்.” கத்தியால் நாரை அறுத்துப் போட்டு, பெல்ட்டை இழுத்து மாட்டினார். மறுபடி ரேஸ். சிவப்பு விளக்கு அணைந்தது.

செல்லதுரையின் முகமும் அணைந்தது. “இவ்வளவுதானா பாய்?”

“வேற என்ன வேணும் ஒனக்கு?”

மிராசுதார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். “ஓட்டு. நாரு சுத்துனா அறுத்துட்டு ஓட்டு.”

செல்லதுரை ஸ்டியரிங்கைப் பார்த்தான். எந்தத் தெய்வமும் உதவிக்கு வரவில்லை. காரும் உதவவில்லை. சாவியைத் திருகி எடுத்தான். இறங்கிப் போய்ப் பின்கதவு வழியாக மிராசுதாரிடம் நீட்டினான்.

“நான் ஓட்டலைங்க ஐயா.”

“லைட்டுதான் அணஞ்சிருச்சேடா.”

“அணஞ்சிருச்சுங்க. நான்தான் ஓட்டலை.”

மிராசுதார் மைத்துனர்களைப் பார்த்தார். அவர்களுக்கு மாட்டு வண்டிதான் தெரியும். அல்லா பிச்சையைப் பார்த்தார். “எனக்கு ரிப்பேரு மட்டுந்தான் தெரியும் மொதலாளி. உளுந்து அடிக்கிறது நம்ம தொழில் இல்ல” என்று அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

மாலையில் கடல் பக்கம் கறுத்தது. மழை விழுந்தால் சாலையில் கிடக்கும் உளுந்து முளைத்துவிடும். மிராசுதாரே குடை பிடித்து சங்கக் கொட்டகைக்குப் போனார். பெண்கள் கேட்ட கூலிக்கு ஒப்புக்கொண்டு திரும்பினார். மழை பெய்யாமல் போனது என்பது வேறு விஷயம்.

மறுநாள் களத்தில் செல்லதுரையும் தடி பிடித்தான். நாலு அடிக்கு ஓர் அடி தரையில் விழுந்தது. பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண் கலங்கினார்கள்.

மிராசுதார் களத்து ஓரம் வந்து நின்றார். தஞ்சாவூர் கோர்ட்டில் நில உச்சவரம்பு வழக்கு. போயே ஆகவேண்டும்.

“செல்லதுரை, வண்டிய எடுப்பா.”

அந்த ‘ப்பா’வைக் கேட்டு அவன் உருகிப்போனான். தடியைக் கீழே வைக்கக் குனிந்தான். தங்கம்மாள் நிமிரவில்லை, அடிப்பதையும் நிறுத்தவில்லை.

“அவரு உளுந்து அடிக்கிறாருங்க ஐயா. இந்தக் குவியல் முடிஞ்சதும் வருவாரு. நெழல்ல போயி உக்காருங்க.”

மிராசுதார் காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.