மோசஸ் அண்ணன் எடுத்த நான்கு படங்கள்

மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் அந்தச் செய்தி வந்தது. "மோசஸ் சார் இன்று காலை காலமானார். அடக்கம் நாளை மாலை, செங்கல்பட்டு." அதற்கு மேலே இருந்த தகவல், வண்டி பத்து நிமிடம் தாமதம் என்பது. கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டுவிட்டு என் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவர் தெரு முனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பெயருக்குக் கீழே 'புகைப்படக் கலைஞர்' என்று போட்டிருந்தது. கட்டியவர்களில் பாதிப் பேர் பத்து வருடமாக அவரை 'காலி ரோல்' என்று கூப்பிட்டவர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள்மேல் எரிச்சல்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மோசஸ் அண்ணன் எங்கள் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அந்த வீட்டில் முதலில் மாதச் சம்பளம் வாங்கியவர் இவர்தான். மேனேஜரே வந்து நின்றாலும் அளவு தப்பிய பார்ட்டை விடமாட்டார். அதனால் அவரைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர்.

மாமல்லபுரத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரம்மா ஒருவர் விட்டுப்போன ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை வாங்கி வந்தார். பழைய ஃபிலிம் கேமரா, நல்ல கனம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அதோடு கடற்கரைக்குப் போவார், நானும் ஒட்டிக்கொள்வேன். முதல்முறை என்னிடம் கொடுத்தபோது, "நடுவுல மஞ்சளா ஒரு கட்டம் தெர்தா? அதுல படகு ரெண்டா தெரியும். இந்த வளையத்தத் திருப்பு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காந்துச்சின்னா, அதான் கரெக்ட்டான தூரம்" என்றார். அதுவும் ஒரு அளவுக் கருவி என்பதால்தான் அதன்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். லைட் மீட்டர் எப்போதோ செத்திருந்தது. உள்ளங்கையில் விழும் வெயிலைப் பார்த்தே வெளிச்சத்தைக் கணிப்பார். ஷட்டர் சத்தம் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. நாம் பார்க்கும் ஜன்னல் தனி, படம் பிடிக்கும் லென்ஸ் தனி. ஃபிலிமை நகர்த்தும்போதெல்லாம் இடது பக்கக் குமிழைக் காட்டுவார். "இது சுத்துனா உள்ள ரோல் ஓடுதுன்னு அர்த்தம். சுத்தலன்னா அவ்ளோதான், எல்லாம் வேஸ்ட்டு."

பத்து வருடத்துக்கு முன் பிரஸ் மெஷினில் செல்வம் என்ற தொழிலாளியின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். நிர்வாகமோ, தடுப்பு மாட்டித்தான் இருந்தது, செல்வம்தான் அலட்சியமாகக் கையை விட்டார் என்றது. விசாரணைக்கு ஆள் வர இரண்டு நாள் இருந்தது. செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "இதுக்கு பேட்டரி வேணாம், சத்தமும் வராது. எடுத்துனு போய்டலாம்" என்றார் அண்ணன். அவர் பையைத் துழாவுவார்கள்; பேக்கிங் பிரிவில் இருந்த என் சாப்பாட்டுப் பையை யாரும் திறந்ததில்லை. நான் கொண்டுபோனேன்.

பேக்கிங்கில் எங்கள் வேலை, முடிந்த பார்ட்டின் வாயில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி போடுவது. நாள் முழுக்க மூடி போட்டுப் பழகிய கை. தயிர் சாதம் சிந்தி லென்ஸ் பாழாகிவிடுமே என்று ஒரு மூடியை எடுத்து அழுத்தினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. டீ நேரத்தில் அண்ணன் வந்ததும் கேமராவைத் துடைக்கும் துணியில் சுற்றி நீட்டினேன். மூடியை எடுக்க மறந்தேபோனேன். அவர் துணியை முழுதாக விலக்காமல், ஜன்னல்களுக்கும் லென்ஸுக்கும் மட்டும் வழிவிட்டு, முன்பக்கத்தைப் பார்க்காமலே வளையத்தை விரலாலேயே தடவித் திருப்பி நான்கு படம் எடுத்தார். ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கும். மஞ்சள் கட்டத்தில் இரண்டும் ஒன்றாகியிருக்கும்.

திரும்பி வந்த கேமராவைப் பையில் வைக்கும்போது மூடி என் விரலில் தட்டுப்பட்டது. ஷிஃப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. தடுப்பும் சுவரோரம்தான் கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போய் மறுபடி எடுத்திருப்பார். சூப்பர்வைசர் அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். மாட்டினால் என் வேலையும் போகும் என்று பயந்தேன். மூடியைக் கழற்றி மற்ற மூடிகளோடு போட்டேன். அன்று மாலையே தடுப்பை எடுத்து மாட்டிவிட்டார்கள்.

செங்கல்பட்டு ஸ்டுடியோக்காரர் கழுவிய ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒன்றுமே விழவில்லை. "ரோல் ஓடவே இல்ல சார். உள்ள சரியா மாட்டலபோல கீது."

மோசஸ் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சுத்துச்சே பாபு. நாலு தபாவும் குமிழு சுத்துச்சே. நான் பாத்தனே."

"பதட்டத்துல சரியா கவனிச்சிருக்க மாட்டீங்கோ அண்ணாத்த" என்றேன்.

செல்வத்தின் அலட்சியம் என்றே அறிக்கை முடிந்தது. அவர் வேலை போயிற்று; இப்போது முட்டுக்காடு படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கிறார். அண்ணன் அதற்குப் பிறகு கேமராவைத் தொடவில்லை. மைக்ரோமீட்டரில் ஒருமுறை பார்த்ததை மூன்று முறை பார்க்க ஆரம்பித்தார். தன் கண்ணை நம்புவதை விட்டுவிட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாக செல்வத்தின் வீட்டுக்குக் கேக் எடுத்துப்போவார். செல்வம் கதவைத் திறக்கமாட்டார். படியில் வைத்துவிட்டு வருவார். பைக் ஓட்டியது நான். ஒருமுறை திரும்பும்போது பின்னாலிருந்து, "அவன் புள்ளைங்க மூஞ்சப் பாக்க முடியல பாபு, என்னாலதான எல்லாம்" என்றார். நான் கியரை மாற்றினேன்.

அடக்கத்துக்கு செல்வம் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் கேட்டுக்கு வெளியே நின்றார். அவரிடம் போய்ச் சொன்னேன். மூடி போட்டது நான், மோசஸ் அண்ணன் ரோலைச் சரியாகத்தான் மாட்டியிருந்தார், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வருசா வருசம் வந்தாரு அந்த மனுசன்" என்றார் செல்வம். "ஒரு தபா கூட நான் கதவத் தொறக்கலியே. பேசலியே அவராண்ட."

பிறகு என்னைப் பார்க்காமலே உள்ளே போனார். மண் போட்டுவிட்டு எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து, மிச்சமிருந்த இரண்டு விரல்களால் மண் அள்ளப் பார்த்தார். மண் நிற்கவில்லை. மறுபடி குனிந்தார்.

போய்வாருங்கள் அண்ணா. உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. இதை உங்களிடம் சொல்ல எனக்குப் பத்து கிறிஸ்துமஸ் கிடைத்தது.