ஆடியில் வாங்கிய வாஷிங் மெஷின்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஆடி மூன்றாம் தேதி திருச்சியிலிருந்து மினி வேனில் கீரனூர் வந்து இறங்கியது. ஓட ஆரம்பித்தது ஆவணி முதல் தேதி. இடைப்பட்ட நாட்களில் அது அட்டைப்பெட்டிக்குள் கூடத்தில் நின்றது. துணிகளை நான் துவைத்தேன்.

ஆனி மாதம் என் மனைவி பின்வாசல் குழாயடியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டார்கள். அவள் ரவிக்கை தைப்பவள். கத்திரிக்கோல் பிடிக்கிற கை அது. பழையபடி பிடி வருமா என்று கேட்டோம். "கட்டுப் பிரிச்சதும் பாப்போம்மா" என்றார் டாக்டர். அதுவரை துணி பிழியக் கூடாது. ஆகவே மெஷின்.

ஆடித் தள்ளுபடியில் வாங்குவதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. ஆடியில் புதிதாக ஒன்றைத் தொடங்குவதில்தான் ஆட்சேபம். பெட்டியைப் பிரித்தாலே தொடங்கியதாகுமாம்.

"கை ஏற்கெனவே இப்படிக் கெடக்கு. இதுல ஆடியில வேற ஆரம்பிக்கணுமாங்க?"

பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தேன்.

அப்போது அமெரிக்காவைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பீரங்கி செய்த ஆலைகள் வீட்டுச் சாமான் செய்ய ஆரம்பித்தன. சிப்பாய்கள் திரும்பி வந்தார்கள். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக எழும்பின. வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ், மெஷின். விளம்பரப் படங்களில் இல்லத்தரசி மெஷின் மேல் ஒரு கையை வைத்துச் சிரிக்கிறாள். பெட்டியைப் பிரிக்க அவர்கள் மாதம் பார்த்ததாகக் குறிப்பில்லை. எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்தவர்கள் துபாய் போனவர்கள். எந்த வீட்டுக்கு எது எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

பெட்டியைப் பார்க்க எதிர்வீட்டு அம்மாள் வந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டித் துவைகல்லில் நின்றிருந்தேன்.

"என்னடி இது, மிசினு கூடத்துல நிக்குது, சாரு இங்கிட்டு நின்னு துவைக்கிறாரு?"

"மிசினுக்கு ஆடி, அக்கா. அவருக்கு ஆடி இல்ல."

"அதுவும் சரிதான். கரண்டும் இழுக்காது."

ஆவணி முதல் தேதி மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். என் வேட்டிகள் முதலில் போயின. நான் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

ஐந்தாம் தேதி புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்திருந்தது. விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலும்பு சேந்துருச்சும்மா. இனிமே தினம் ரெண்டு வேளை ஈரத்துண்ட நல்லா முறுக்கிப் பிழியுங்க. அப்பத்தான் பிடி வரும்" என்றார் டாக்டர்.

"மிசின் வாங்கிட்டோமே சார்" என்றாள்.

"அது பாட்டுக்கு அது பிழியட்டும். நீங்களும் பிழியுங்க."

அதன்பின் தினமும் காலையில் மெஷின் சுற்றும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவள் ஈரத்துண்டைப் பிழிவாள். முதல் வாரம் ஒரு சொட்டும் விழவில்லை. இரண்டாம் வாரம் துண்டைத் தூக்கி எறிந்தாள். நானே எடுத்து மறுபடி நனைத்துக் கொடுத்தேன். புரட்டாசி எட்டாம் தேதி தண்ணீர் ஒழுகித் தரையில் ஓடியது.

அன்று மத்தியானம் கத்திரிக்கோலை எடுத்தாள். கொடியில் கிடந்த என் பழைய வேட்டி ஒன்றை, பிடி வந்ததா என்று பார்ப்பதற்காக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெட்டினாள். கோடு நேராகப் போயிருந்தது.

அந்த வேட்டி அவ்வளவு பழையதில்லை.