கோல் காக்க மாட்டேன் என்ற மருமகன்

இன்றைக்கு வாவிக்கு அக்கரையிலுள்ள மண்டூரில் எங்கள் ஊர் உதைபந்துக் குழு மறுபடியும் தோற்றது. முன்பெல்லாம் ஆட்டம் பார்க்க ஓடம் நிறையச் சனம் போகும். இன்றைக்கு நாலைந்து பேர்தான் போனோம்.

திரும்பி வரும்போது கப்டன் செல்லையா கொஞ்சமும் வெட்கமில்லாமல் கேட்டார்: "ஏன் இப்ப ஒருத்தரும் வாறீங்க இல்ல?"

நான் விடவில்லை, கேட்டேன்:

"நல்லாக் கோல் காத்த இஸ்மாயில நிப்பாட்டிப்போட்டு, வயல்காரப் போடியார்ர மருமகன விட்டா ஆர் வருவான்? பந்து வந்தா அவன் கண்ண மூடுறான். தோத்த பிறகு நீங்க சிரிச்சிச் சிரிச்சி இளநி குடிக்கிறீங்க. எங்களுக்குத்தான் நெஞ்சு வேகுது."

"பந்து வாங்கித் தாறவர் போடியார். அவர் கோவிச்சா ஆட்டமே இல்ல," என்றார் கப்டன்.

ஓடத்தின் மூலையில் இருந்த மருமகன் நிமிர்ந்தான்.

"எனக்குப் பந்தக் கண்டாப் பயம், அண்ணே. எத்தின தரம் சொல்லிட்டன். இஸ்மாயிலக் கூப்பிடுங்க. மாமாட்ட நானே சொல்றன்."

எல்லாரும் அவனையே பார்த்தோம். கப்டன் மட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

"பாப்பம். அடுத்த ஆட்டம் முடியட்டும்."

பந்துக்குப் பயந்தவன்கூட வாய் திறந்துவிட்டான். கோல் காப்பவனை மாற்றுவது இருக்கட்டும். கப்டனை மாற்றுகிற அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியனுப்புங்கள், முதல் ஓடத்திலேயே வாறன்.