பச்சையம்மாள் கையில் படிந்த கறை

மனைவியின் முழங்கையில் கருநீலத் திட்டு ஒன்றைப் பார்த்ததும் ராசாங்கத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"திரும்பவும் கொட்டை ஒடைக்கப் போறியா? கால் வீங்குது, ஒக்காந்து வேல செய்யக் கூடாதுன்னு சொல்லியும் அடங்க மாட்டியா?"

பச்சையம்மாள் மறுக்கவில்லை. சிரித்தபடி உள்ளே போய்விட்டாள். அவள் சிரித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று பொருள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் மனுஷர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கை தனியாகத் தெரியும். கொட்டையின் தோட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் பட்ட இடம் கருத்து, தோல் உரியும். இருபத்தைந்து வருடம் உடைத்தவள் பச்சையம்மாள். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிவிட்டு ராசாங்கம் வெள்ளை வெளேரென்று வந்து நிற்பார். கருத்த கையால் சோறு போட்டுக்கொண்டே, "வெள்ளையடிச்ச செவுத்துக்கு வாக்கப்பட்டுட்டேன்" என்பாள். கொட்டை உடைக்கும் கொட்டகையில் அவள் வாயைத் திறந்தால் சிரிக்காத ஆள் கிடையாது. அந்த நாட்களை நினைத்தால் ராசாங்கத்துக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். அவள் வேலையை விட்ட பிறகு அந்த வாய் அடங்கிப்போனதுதான் அவருக்குப் பெரிய குறை.

நான்கு நாளில் தொடையிலும் திட்டுகள் வந்தன. அதற்கும் திட்டினார். மறுநாள் காலை அவள் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக விழுந்தது. தோட்டு எண்ணெய் ஈறுக்குப் போகாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மகள் பூங்குழலியோடு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய ரத்தத் தட்டணுக்கள் எட்டாயிரம்தான் இருந்தன. தலைக்குள் ரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் பச்சையம்மாள்.

"ஏன், கால் வீக்கத்துக்குக் குடுத்த நீர் மாத்திரை?" என்றார் ராசாங்கம்.

"அது தண்ணியத்தான எடுத்து வுடுது. அதெல்லாம் மாத்திரையில சேத்தியா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எப்பலேர்ந்து?"

"மூணு வாரமா."

"அதுவும் மாத்திரைதாம்மா. எங்கயோ ஒருத்தருக்கு ரத்தத்துலயே கை வெச்சிடும். ரொம்ப அபூர்வம். ஆனா அதுவாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். இனிமே தொடவே கூடாது."

மாத்திரையை நிறுத்தி, தட்டணு ஏற்றினார்கள். கட்டில் ஓரமாகவே கிடந்தார் ராசாங்கம். அவள் லேசாகத் தலைவலி என்றால்கூட நர்ஸைத் தேடி ஓடினார். ஆறாம் நாள் எண்ணிக்கை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. பிழைத்துக்கொண்டாள்.

"கொட்டை ஒடைக்கப் போவலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கூட்டியாந்திருப்பேனே. ஏன்டி சொல்லல?"

பச்சையம்மாள் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீ வைஞ்சப்ப, நான் இன்னும் வேலைக்குப் போற பொம்பளையாட்டம் இருந்துச்சிய்யா. நல்லா இருந்துச்சி. அதான் வுட்டுட்டேன்."

வார்டு முழுக்க ஆட்கள் இருந்ததைக்கூடப் பார்க்காமல், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ராசாங்கம் அழுதார்.